காஜியின் அளவுகோலும் பயணியின் கண்ணும்

பெருநாள் காலையில் தம் வீட்டில் ஆக்கும் பண்டமே பெருநாளுக்குரிய பண்டம் என்றும், தம் ஊர் மணப்பெண் உடுத்தும் உடையே மணப்பெண்ணுக்குரிய உடை என்றும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிக் கொண்டிருக்கிறது. அடுத்த ஊரின் வழக்கம் நமக்கு வேடிக்கை. அடுத்த நாட்டின் வழக்கம் நமக்கு வியப்பு. சில வேளைகளில் அருவருப்பும்கூட. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மனைவியின் இல்லத்துக்குச் சென்று வாழும் வழக்கத்தைச் சொல்லி உள்நாட்டு ஊர்களில் உள்ள நம் சகோதரர்கள் நகைப்பதைக் கேட்டிருக்கிறோம். பெற்ற மகளை மணம் முடிந்ததும் வேற்றூருக்கு அனுப்பிவிடும் வழக்கத்தைக் கேட்டு, 'எப்படித்தான் மனம் வருகிறதோ!' என்று கடற்கரை ஊர்த் தாய்மார்கள் வியப்பதையும் கேட்டிருக்கிறோம். இரு சாராரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள். எனினும், 'நாம் பழிப்பது மார்க்கத்துக்கு முரணானதையா, நம் வழக்கத்துக்கு முரணானதையா?' என்ற கேள்வியை மட்டும் எவரும் தமக்குள் எழுப்பிக் கொள்வதில்லை.

மனிதர்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டிருப்பது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று திருமறையின் 49-ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. அறிந்துகொள்வது எளிய செயல் அன்று. காண்பது வேறு, அறிவது வேறு. கண்டவுடன் தீர்ப்புக் கூறி விடுகிறவர் பெரும்பாலும் அறியாமலே போய்விடுகிறார். இவ்வுண்மையை எண்ணிப் பார்க்கத் துணைபுரியும் நூல் ஒன்று நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வங்களுள் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டுப் பயணியாகிய இப்னு பதூதாவின் நூலே அது. 'ரிஹ்லா' என்னும் சுருக்கப் பெயரால் உலகம் அதனை அறியும். வியப்புச் செய்திகளின் களஞ்சியமாக அதனைப் படிப்போர் பலர். சரித்திரச் சான்றாகப் பயன்படுத்துவோர் சிலர். பிறருடைய வழக்கங்களை எடை போட்ட ஒரு மனிதரின் உள்ளத்தைக் காட்டும் நூலாக அதனைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சி.

இப்னு பதூதா 1304-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில், காஜிகள் பலரைத் தந்த குடும்பத்தில் பிறந்தவர். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம் 2-ஆம் நாள், அதாவது 1325 ஜூன் 14 அன்று, ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியராக ஊரைவிட்டுக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 21. ஹஜ்ஜை முடித்த பின்னும் கால்கள் நிற்கவில்லை. இராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, அனத்தோலியா, கிப்சாக் புல்வெளி, இந்தியா, மாலத்தீவு, இலங்கை, வங்காளம், சுமத்ரா, சீனம் எனச் சென்று, பின்னர் அந்தலூசியாவையும் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டையும் கண்டு, 1354-ஆம் ஆண்டில் ஃபாஸ் நகரை அடைந்தார். அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் என மதிப்பிடுவர். மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல, கிரானடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸை என்னும் புலவர் எழுதி ஒழுங்குபடுத்தினார். 1355-ஆம் ஆண்டில் நூல் நிறைவுற்றது.

குறைகளை முதலில் கூறிவிடுவோம். திமிஷ்க், மக்கா, மதீனா ஆகிய நகரங்களின் வருணனைகளில் சில பகுதிகள், அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னர்ப் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. சீனப் பயணத்தைப் பற்றி அறிஞர்கள் ஐயங்களை எழுப்பியுள்ளனர். காலக்கணக்கும் பல இடங்களில் பொருந்தவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு நினைவுகளை ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதிய நூலில் இவை நேரக்கூடியவையே. நம் கேள்வி வேறு: இவர் எதைக் கொண்டு பிறரை அளந்தார்?

இப்னு பதூதா மாலிகி மத்ஹபில் பயின்ற சட்ட அறிஞர். ஆகவே ஷரீஅத் அவர் கையில் இருந்த முதல் அளவுகோல். தாஞ்சியர் நகரத்து நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஆகவே தம் ஊர்ப் பழக்கம் அவர் கையில் இருந்த இரண்டாவது அளவுகோல். முதலாவதைக் கையில் வைத்திருப்பதை அவர் அறிவார். இரண்டாவதும் தம் கையில் இருப்பதை அவர் பல நேரங்களில் உணரவில்லை. நூலின் சிறந்த பக்கங்கள் முதல் அளவுகோலால் அளந்தவை. அவற்றினும் சிறந்தவை, இரண்டு அளவுகோல்களையும் கீழே வைத்துவிட்டுக் கண்டதைக் கண்டவாறே சொன்னவை.

1326-ஆம் ஆண்டில் திமிஷ்க் நகரத்தை அடைந்த அவர், அங்கு நிலவிய வக்ஃபுகளைப் பட்டியலிடுகிறார். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவர்களுக்காக ஒன்று, ஏழைக் குமர்களைக் கட்டிக்கொடுக்க ஒன்று, சிறைப்பட்டோரை மீட்க ஒன்று, வழிப்போக்கர்களுக்காக ஒன்று, தெருக்களைச் செப்பனிட ஒன்று. இவற்றோடு நிகழ்ச்சி ஒன்றையும் சொல்கிறார். ஓர் அடிமைச் சிறுவன் சந்தில் போகும்போது கைதவறிச் சீனப் பீங்கான் தட்டு ஒன்றை உடைத்துவிட்டான். கூட்டம் கூடியது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகுமாறு ஒருவர் கூறினார். துண்டுகளைக் காட்டியதும் வேறு தட்டு வாங்குவதற்கான பணம் அவனுக்குக் கிடைத்தது. எசமானனின் அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சி நிற்கும் ஒரு சிறுவனின் உள்ளம் உடையாமல் காப்பதற்கென்றே ஒரு நகரத்தார் வக்ஃப் ஏற்படுத்தியிருந்தனர்! அந்நகரின் மாளிகைகளைக் காட்டிலும் இந்தத் தட்டின் கதையே நம் உள்ளத்தில் தங்குகிறது. ஒரு சமூகத்தின் தரம் அதன் விழாக்களில் மட்டும் வெளிப்படுவதில்லை. வேலைக்காரச் சிறுவனின் கை தவறும்போதும் வெளிப்படுகிறது.

1330களின் தொடக்கத்தில் அவர் அனத்தோலியாவில் இருந்தார். அங்கு 'அகீ' எனப்படும் தலைவர்களின் கீழ் இளைஞர் சங்கங்கள் ஊர்தோறும் இருந்தன. பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்து, அஸருக்குப் பின் அன்றைய கூலியைத் தலைவரிடம் கொடுப்பார்கள். அப்பணத்தில் கனிகளும் உணவும் வாங்கி, வந்த விருந்தினருக்குப் படைத்து, தாமும் உடன் உண்டு பாடி மகிழ்வார்கள். லாதிக் என்னும் ஊருக்குள் இப்னு பதூதா நுழைந்தபோது சிலர் ஓடிவந்து குதிரையின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் வந்து அவர்களோடு சண்டையிட்டுக் கத்தியையும் உருவினர். துருக்கி மொழி அறியாத அவர், வந்தவர்கள் கொள்ளையர் என்றே நடுங்கினார். பின்னர் அரபு அறிந்த ஒருவர் உண்மையை விளக்கினார். இரு சங்கத்தாரும் விருந்தாளி தங்களுக்கே உரியவர் என்று போராடிக் கொண்டிருந்தார்களாம்! கடைசியில் சீட்டுப் போட்டு வழக்கைத் தீர்த்தார்கள்.

அதே ஊரில் அவர் கண்ட நோன்புப் பெருநாளும் நினைவில் நிற்பது. ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் தன் கொடியோடும் முரசோடும் அணிவகுத்து வந்தது. மாடுகளையும் ஆடுகளையும் ரொட்டிச் சுமைகளையும் கொண்டுவந்தனர். கபறுஸ்தானத்தில் அறுத்து இறைச்சியையும் ரொட்டியையும் ஏழைகளுக்கு வழங்கினர். தாஞ்சியரில் இத்தகைய பெருநாளை அவர் கண்டிருக்கமாட்டார். ஆயினும் 'இது புதுமை' என்று அவர் முகம் சுளிக்கவில்லை. அதே ஊரில் அடிமைப் பெண்களின் மானத்தை விற்றுப் பொருள் தேடுவோர் இருந்ததைக் கண்டித்தும் எழுதினார். இங்கு அளவுகோல் தெளிவாக இருக்கிறது. விழாவின் வடிவம் ஊருக்கு ஊர் மாறும். ஏழைக்குச் சோறும் எளியவளுக்கு மானமும் எந்த ஊரிலும் மாறக்கூடாதவை.

இதே அனத்தோலியாவில்தான் அளக்க வந்தவரே அளக்கப்பட்ட நிகழ்ச்சியும் நடந்தது. சினோப் நகர மக்கள் ஹனபிகள். மாலிகிகளான இப்னு பதூதாவும் தோழர்களும் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவதைக் கண்ட அவர்கள், இவர்கள் ராபிளிகளோ என ஐயுற்றனர். விளக்கம் சொல்லியும் ஐயம் தீரவில்லை. ஊர் அதிகாரி ஒரு முயலை அனுப்பி, அதனை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவர ஓர் ஆளையும் அனுப்பினார். ராபிளிகள் முயல் உண்ணமாட்டார்கள் அல்லவா? இவர்கள் அறுத்துச் சமைத்து உண்டார்கள். ஆள் போய்ச் சொன்னான். ஐயம் நீங்கியது, விருந்தும் வந்தது! இமாம் மாலிக் அவர்களின் வழிநின்ற ஓர் அறிஞரின் ஈமானுக்கு ஒரு முயலின் கறி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இதனை அவர் நகைச்சுவையாகவே சொல்கிறார். ஆனால் கையை எங்கே கட்டுவது என்பதற்காகப் பள்ளிவாசல்களையே பிரித்துக்கொண்ட ஊர்களை அறிந்த நமக்கு, நகைப்புக்குப் பின் ஒரு வேதனையும் பிறக்கிறது.

சினோப்பில் கற்றதை அவர் மாலத்தீவில் நினைத்துப் பார்த்தாரா என்பதே நாம் அடுத்துக் கேட்க வேண்டியது. அங்கே போகும் வழியில், இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள ஹொன்னாவரில் பெண்கள் தைக்கப்படாத ஆடையின் ஒரு தலைப்பை இடையில் கட்டி, மறு தலைப்பால் தலையையும் மார்பையும் மூடியிருப்பதை அவர் கண்டார். அவ்வூரில் பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் இருந்ததையும், பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததையும் மகிழ்ச்சியுடன் பதிவு செய்தார். 1343-ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்தார். அப்போது அங்கு ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்னும் அரசி. இவர் காஜியாக நியமிக்கப்பட்டார். ஜும்ஆவுக்கு வராதவர்களைத் தண்டித்தார். மணவிலக்குப் பெற்ற பெண் மறுமணம் வரை முன்னாள் கணவன் வீட்டிலேயே தங்கும் வழக்கத்தைத் தடுத்தார். ஆனால் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடையின்றி நடமாடும் வழக்கத்தை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. தம் நீதிமன்றத்துக்கு வருவோர் உடலை மூடியே வரவேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு மேல் தம் ஆற்றல் செல்லவில்லை என்று அவரே கூறிவிடுகிறார்.

அம்மக்கள் மார்க்கப் பற்று மிக்கவர்கள், தூய்மை விரும்புபவர்கள், சண்டையை வெறுப்பவர்கள் என்றும் அவரே எழுதுகிறார். ஒரு திருடனின் கையை வெட்டுமாறு அவர் தீர்ப்பளித்தபோது அவையில் இருந்தவர்களிற் பலர் மயங்கி விழுந்தார்களாம். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். உடையைக் குறித்துக் காஜி சொன்னது ஷரீஅத்தின் விதியே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சத்தால் மாறாத ஒரு மக்கள், அன்பால் மாறக்கூடியவர்களாக இருந்திருக்கலாம் அன்றோ? குருதியைக் கேட்டதும் மயங்கும் மென்மையான உள்ளங்களுக்கு ஏற்ற உபதேசம் எது என்று அவர் சிந்தித்ததாக நூலில் குறிப்பு ஒன்றும் இல்லை. பிறகு அரசின் வஸீருடன் பகை மூண்டது. அவர் தீவை விட்டு வெளியேறினார்.

இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் மன்னர் அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து ஆதம் மலைக்கு அனுப்பினார். யோகிகளும் பிராமணர்களும் உடன் செல்ல, ஒரு முஸ்லிம் பயணி நபி ஆதம் (அலை) அவர்களின் பாதத் தடம் என நம்பப்பட்ட இடத்தைக் காணச் சென்றார். அங்கிருந்து கடல் கடந்து நம் மதுரைச் சீமைக்கு, அன்றைய அரபு வழக்கில் 'மஅபர்' நாட்டுக்கு, வந்து சேர்ந்தார். மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் மனைவியும், தில்லியில் இப்னு பதூதா மணந்த பெண்ணும் உடன்பிறந்தோர். இங்கு நம் பயணியின் உள்ளம் இரண்டு விதமாக வெளிப்படுகிறது. அச்சுல்தான் போரில் பிடிபட்ட இந்துக்களையும் அவர்தம் மனைவி மக்களையும் கொன்றதை, எந்த அரசனும் செய்யக் கேளாத இழிசெயல் என்று அவர் கண்டித்தார். சுல்தானின் விரைவான சாவுக்கு அதுவே காரணம் என்றும் சொன்னார். தம் கண்ணெதிரே ஒரு கொலைக்குக் கட்டளை பிறந்தபோது முகத்தைத் திருப்பிக் கொண்டார். உறவுக்காகவோ, ஒரே மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவோ அவர் உண்மையை மறைக்கவில்லை. ஆனால் அதே சுல்தானுடன் கூடி மாலத்தீவின் மீது படையெடுக்கவும் அவர் திட்டமிட்டார்! தமக்குப் பதவியும் பெண்ணும் தந்து உபசரித்த தீவு அது. திட்டம் நிறைவேறவில்லை. அளவுகோலைப் பிடித்த கை, அதிகாரம் அருகில் வந்ததும் வாளை நாடியது. அந்தக் குற்றத்தையும் அவரே நமக்குச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் நூலின் பெருமை.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1352-ஆம் ஆண்டில், சஹாராவைக் கடந்து அவர் மாலி நாட்டுக்குச் சென்றார். வழியில் வலாத்தா என்னும் ஊரில் தாய்வழி உரிமை நிலவியது. ஒருவனின் சொத்து அவன் சகோதரியின் மகனுக்கே சென்றது. தொழுகையைப் பேணி, சட்டம் பயின்று, குர்ஆனை ஓதும் அம்மக்களிடையே ஆணும் பெண்ணும் நண்பர்களாக அமர்ந்து உரையாடினர். ஒரு வீட்டில் மனைவி அயல் ஆடவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்க, கணவர் அமைதியாக இருந்ததைக் கண்டு இப்னு பதூதா அதிர்ந்து கேட்டார். தங்கள் ஊரில் அந்த நட்பு கண்ணியமானது என்றும், தங்கள் பெண்கள் அவர் ஊர்ப் பெண்களைப் போன்றோர் அல்லர் என்றும் அக்கணவர் விடை சொன்னார். இப்னு பதூதா எழுந்து போய்விட்டார். பின்னர்ப் பலமுறை அழைத்தும் அவ்வீட்டுப் படி ஏறவில்லை. அவர் சென்றது சரியே என்று நம்மில் பலர் கூறுவர். ஆனால் கவனியுங்கள்: தம்மை வாயடைக்கச் செய்த அந்த விடையை அவர் விழுங்கிவிடவில்லை. எதிரியின் சொல்லை அவன் சொன்னவாறே பதிவு செய்யும் நேர்மை எல்லா எழுத்தாளருக்கும் வாய்ப்பதன்று.

மாலித் தலைநகரில் சுல்தானின் அன்பளிப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பட்டாடையும் பணமும் எதிர்பார்த்து எழுந்தவருக்குக் கிடைத்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு சுரைக்குடுவை நிறையத் தயிர்! அவர் சிரித்துவிட்டார். அந்நாட்டில் உணவைப் பகிர்வதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்கவில்லை. ஆயினும் அந்நாட்டை விட்டு வரும்போது அம்மக்களின் நற்பண்புகளையும் குறைகளையும் தனித்தனியே எண்ணிச் சொன்னார். அநீதி குறைவு, வழிப்போக்கனுக்கு அச்சமில்லை, இறந்துபோன அயல்நாட்டாரின் பொருளை எவரும் அபகரிப்பதில்லை, வெள்ளிக்கிழமைகளில் தூய வெண்ணிற ஆடை அணிவர், பள்ளியில் இடம் பிடிக்க முசல்லாவை முன்னதாகவே அனுப்பிவிடுவர். குர்ஆனை மனனம் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கிடுவதையும் நற்பண்புகளின் வரிசையிலேயே சேர்த்தார். பெருநாளன்று காஜியின் வீட்டுப் பிள்ளைகளே விலங்கோடு இருந்ததைக் கண்டவர் அவர். இதில் நாம் அவருடன் உடன்பட முடியவில்லை. பெருநாளிலும் அவிழாத விலங்கு பிள்ளையின் நெஞ்சில் குர்ஆனின் மீது அன்பை விதைக்குமா என்பதைப் பெற்றோர்களே சொல்லட்டும்.

அங்குப் பெருநாள் தொழுகைக்குப் பின் அரசவையில் புலவர்கள் இறகு உடையும் சிவந்த அலகு பொருந்திய பறவை முகமூடியும் அணிந்து மன்னன்முன் வந்து பாடுவார்கள். அக்கோலத்தை நகைப்புக்குரியது என்றே அவர் கருதினார். எனினும் பாடலின் பொருளை விசாரித்துத் தெரிந்துகொண்டார். இந்த ஆசனத்தில் முன்னர் இருந்த மன்னர்கள் இன்னின்ன நன்மைகளைச் செய்தனர்; நீயும் பின்னர் நினைக்கப்படும்படி நன்மை செய் என்பதே அதன் சாரம். அது ஓர் உபதேசம் என்றும், இஸ்லாத்துக்கு முன்பிருந்தே நடந்து வருவது என்றும் அவருக்குச் சொன்னார்கள். முகமூடியோடு நின்றிருந்தால் அவர் வெறும் வேடிக்கை பார்த்தவர் ஆகியிருப்பார். பொருளைக் கேட்டதால் அறிந்தவர் ஆனார். ஆட்சியாளனின் முகத்துக்கு நேரே நன்மையை ஏவும் துணிவு, பறவை அலகுக்குப் பின்னாலிருந்து ஒலித்தது.

நூலின் பெருங்குறை என நாம் கருதுவது வேறொன்று. உலகத்துக் குடும்பங்களைக் கண்டவர் தம் குடும்பத்தைப் பற்றி மிகச் சில சொற்களே சொல்கிறார். ஊர்தோறும் மணந்தார், பல மனைவியரை விட்டுச் சென்றார். திமிஷ்கில் கருவுற்றிருந்த மனைவியை விட்டுவந்தவர், மகன் பிறந்த செய்தியை இந்தியாவில் அறிந்து 40 பொன் தீனார் அனுப்பினார். 1348-ஆம் ஆண்டில் திரும்பிச் சென்றபோது, அம்மகன் இறந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று கேள்விப்பட்டார். மாலத்தீவில் பிறந்த மகனை ஒருமுறை சென்று கண்டு, தாயிடமே விட்டு வந்தார். அப்பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பது நூலில் இல்லை. அவர் வாங்கியும் பெற்றும் வைத்திருந்த அடிமைகளின் குரலும் இல்லை. பிறர் வீட்டு வழக்கங்களைத் துருவிப் பார்த்த கண், தன் வீட்டைப் பார்க்கத் தயங்கியது. பிறரை அளப்பவர் எவராயினும் இந்தத் தயக்கம் அவரிடம் ஒளிந்திருக்கும்.

மகன் இறந்த செய்தியைக் கேட்ட அதே 1348-ஆம் ஆண்டில், கொள்ளைநோய் திமிஷ்கைச் சூறையாடியது. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்றுப் பெரிய பள்ளிவாசலில் கூடி இரவெல்லாம் தொழுதனர். காலையில் முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி நடந்தனர். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அழுதுகொண்டே, நகருக்கு வெளியே இருந்த கதம் பள்ளிவாசலை நோக்கிச் சென்றனர். இந்தக் காட்சியைச் சொல்லும்போது அவர் எவரையும் அளக்கவில்லை. எவருடைய உடையையும் குறிப்பிடவில்லை. அளவுகோல் எங்கோ விழுந்துவிட்டது. கண் மட்டும் இருக்கிறது. ரிஹ்லாவின் மிக உயர்ந்த பக்கங்களுள் ஒன்றாக இதனை நாம் கொள்கிறோம்.

இன்று நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பல தேசத்தாருடன் ஒரே ஸஃப்பில் நின்று பெருநாள் தொழுகிறார்கள். திரும்பி வந்து அவர்களுடைய பண்டங்களையும் பழக்கங்களையும் நம் வீட்டுத் திண்ணையில் கதையாகச் சொல்கிறார்கள். வேடிக்கையாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கேள்வியையேனும் கேட்டு வைக்க வேண்டும்: 'அதற்கு என்ன பொருள் என்று அவர்களிடம் விசாரித்தாயா?' மார்க்கம் விலக்கியதை விலக்கியே தீர வேண்டும். அதில் தளர்ச்சி கூடாது. ஆனால் நம் ஊர் வழக்கத்தை மார்க்கத்தின் இடத்தில் ஏற்றி வைத்து, அதைக் கொண்டு அல்லாஹ்வின் அடியார்களை அளந்து தள்ளும் உரிமை நமக்கு இல்லை. சினோப் நகரத்து முயலை நினைவில் வைத்துக் கொள்வோம். நாம் எவரை அளந்து கொண்டிருக்கிறோமோ, அவரும் எங்கோ ஒரு மூலையில் நின்று நம்மை அளந்து கொண்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் பெருந்தன்மையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக!